பெட்டி தூக்க ஓர் ஓட்டெடுப்பு

ஆண்கள் சவப்பெட்டிக்குக் குனிந்த நேரத்தில் கெசியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கையை எடுங்க. அம்மாவ நாங்கதான் தூக்கப்போறோம்."

"நாங்கன்னா யாரு?" என்றார் அப்பா ஜோனாஸ்.

"ஓட்டுரிமை கேக்குற எங்க சங்கத்துப் பொம்பளைங்க. சாகுறதுக்கு முன்னாடி அம்மா கேட்டது அது ஒண்ணுதான். வாக்குக் குடுத்திருக்கேன்."

"கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஏத்தம். பனி வேற உறைஞ்சு கெடக்கு. வழுக்கி விழுந்தா ஊரே சிரிக்கும். நகருடி."

கெசியா நகரவில்லை. ஊர் சிரிப்புக்கு அம்மா என்றைக்குப் பயந்தாள்? போன கோடையில், தேர்தல் மேடையில் வேட்பாளர் பெயர்களைப் படித்தபோது, சந்தைத் திடல் கொள்ளாமல் தறிக்காரர் கூட்டம். ஓட்டு என்னவோ சொத்துள்ளவனுக்குத்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் எந்த ஆணும் கை தூக்கலாம். மறுநாள் சொத்துள்ளவன் போடும் ஓட்டுதான் கணக்கு; தூக்கிய கைகளைக் காற்றில் விட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் ஓட்டு கேட்கும் மக்கள் சாசனத்து ஆள் பெயர் வந்ததும், எல்லார் கையோடும் அம்மாவின் கையும் எழுந்தது. சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கியது வேறு யாருமில்லை, அப்பாதான். அம்மா வீட்டுக்கு வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். அன்றைக்கு அவள் பிசைந்த வேகத்தில் மேசையே ஆடியது.

"சரி, ஓட்டுக்கு விடுங்க" என்றாள் கெசியா.

மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். பன்றியை எப்போது அறுப்பது என்பதற்குக்கூட அந்த வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கும். ஆளுக்கொரு ஓட்டு வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தி, அதற்காக ஜெயிலுக்கும் போய்வந்தவர். இப்போது மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

"ஆம்பளைங்க தூக்கணும்னு சொல்றவங்க?" என்று கேட்டார் அப்பா.

ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள்.

"பொம்பளைங்க தூக்கணும்னு சொல்றவங்க?"

அடுப்படியில், மாடிப்படியில், வாசலுக்கு வெளியே என்று கைகள் எழுந்தன. ஒன்றில் மாவு, ஒன்றில் நீலச் சாயம்.

"பொம்பளைங்க கைய எண்ணுற வழக்கம் இல்லையே..." என்று இழுத்தான் பக்கத்து வீட்டு சைலஸ்.

"வழக்கம்னு பாத்தா உன் கையையும்தான் எவனும் எண்ணல. பெருசா பேச வந்துட்டான்!" என்றாள் அவன் மனைவி மார்த்தா, இடுப்பில் கைக்குழந்தையோடு.

ஆண்களே சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு தானாக அடங்கியது. பிறகு விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார், ஒரு கையையும் விடாமல்.

"பொம்பளைங்க பக்கம் ஜெயிச்சிருச்சு" என்றார், கூட்டத் தலைவரின் குரலில்.

கெசியா முன்பக்கம் தோள் கொடுத்தாள். அழுகையும் வந்தது, அம்மாவை நினைத்துப் பெருமையும் வந்தது. மார்த்தா குழந்தையை அப்பாவிடம் நீட்டினாள். "புடிங்க அண்ணே. பால் குடுத்துட்டேன், அழமாட்டா."

ஏற்றத்தில் ஒருத்தியும் வழுக்கவில்லை. பாதி வழியில் தோள் மாற்றும்போது கெசியா திரும்பிப் பார்த்தாள். அப்பா குழந்தையை ஏந்திக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். சால்வைக்குள்ளிருந்து அதன் கை உருவிக்கொண்டு குளிரில் மேலே நீண்டது. அதை உள்ளே தள்ள அப்பாவின் விரல்கள் போயின, பாதியில் நின்றன. அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு அவர் நடந்தார்.