பளபளத்த ஐந்து மூடிகள்

வாசல் பலகையில் ‘ஓய்வு பெற்ற உதவி இயக்குநர், வாகனப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. ‘ஓய்வு பெற்ற’ மட்டும் எறும்பு எழுத்தில். வாகனப் பிரிவில் முப்பத்து நான்கு வருடமும் அவர் பிடித்த ஒரே கருவி பேனா என்பதைப் பலகை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கருவிப் பெட்டியோடு வருகிற மைத்துனனுக்கு அது தெரியும். அவனை எல்லோரும் ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள். இயக்குநரின் மனைவியான அவன் அக்கா மட்டும் தம்பி என்பாள்.

ஓய்வுக்குப் பிறகு இயக்குநருக்குக் காடுமேட்டில் வண்டி ஓட்டுகிற பித்து பிடித்தது. கொல்லையில் துருவேறிக் கிடந்த பழைய காரின் எஞ்சினை வீட்டிலேயே புதுப்பித்து, வண்டிக்கு முரட்டுச் சக்கரம் மாட்டி மேடேற்றப் போவதாகக் கைபேசி கேமராவிடம் அறிவித்தார். எஞ்சின் கூடத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேசை படுக்கையறைக்குப் போனது. அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஸ்பேனருக்கும் இதில் ஒரு ஆசை இருந்தது. மாமா சேர்ந்திருந்த கரடுமுரடு சங்கத்தின் தலைவர் ஒருநாள் வந்து, அவன் எஞ்சினைப் பிரிக்கிற நேர்த்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இது மட்டும் மேட்டுல ஏறிடட்டும். எங்க பன்னிரண்டு வண்டியும் உங்க கைக்குத்தான்.” பன்னிரண்டு வண்டி என்றால் சொந்தப் பட்டறை. பதினெட்டு வருடமாக அடுத்தவன் பட்டறையில் குனிந்த முதுகு அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தது.

எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை ஐந்து இரும்பு மூடிகள். பார்த்தால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைத்துக் குடையப்பட்டது. இடம் மாறினால் அடுத்தவன் செருப்பைப் போட்டு நடந்த கதைதான். அதனால் ஸ்பேனர் கழற்றும்போதே முதல் மூடியில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு என்று உளியால் தட்டி வைத்தான்.

“மாமா, எதை வேணா தொடுங்க. இந்த அஞ்சை மட்டும் தொட்டுடாதீங்க.”

“மாப்ளே, நான் எத்தனை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டவன் தெரியுமா?”

அடுத்த ஞாயிறு அவன் வந்தபோது ஐந்து மூடிகளும் வெல்வெட் துணிமேல் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தன. ஒவ்வொன்றின் கீழும் அச்சடித்த சீட்டு: பொருள் எண் ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்பேனர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். ஒரு புள்ளிகூட இல்லை.

“புள்ளி எங்க மாமா?”

“எது, அந்தக் கீறலா? வீடியோவுல அசிங்கமா தெரிஞ்சுது. அரைச்சு எடுத்துட்டேன். இப்ப முறைப்படி நம்பர் போட்டிருக்கேன் பாரு.”

“எதை வச்சுப் போட்டீங்க?”

“எது முதல்ல பாலிஷ் ஆச்சோ அது ஒண்ணு.”

முப்பத்து நான்கு வருடம் பணிமூப்புப் பட்டியல் போட்ட கை. இரும்புக்கும் போட்டுவிட்டது.

லேத்தில் கொடுத்து ஐந்தையும் சேர்த்து மறுபடி குடைய வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றான் ஸ்பேனர். மேடேற்றம் வருகிற ஞாயிறு, அழைப்பிதழே அடித்தாயிற்று என்றார் மாமா. அப்படியே பூட்ட மாட்டேன் என்று அவன் பெட்டியை மூடினான். “ஸ்பேனர் பிடிச்சவன்லாம் இன்ஜினியரா?” என்று கேமரா காதில் விழாமல் கேட்டுவிட்டு மாமா தானே பூட்டினார். கிராங்க் கையால் சுற்ற மறுத்தது. கருவியின் பிடியில் நீளக் குழாயைச் செருகித் தொங்கிச் சுற்றினார். புது எஞ்சின் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நேயர்களுக்கு விளக்கமும் தந்தார். இதையெல்லாம் அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

மேடேற்றத்தன்று சிவப்பு நாடா, கொடி, மாமாவின் தலையில் தொப்பி, தொப்பியில் இலைதழைப் படம். தள்ளிவிட்டுத்தான் வண்டி கிளம்பியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். மேட்டில் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. பிறகு கத்தி தீட்டுகிற சத்தம், பிறகு ஒரு இடி, பிறகு எதுவுமில்லை. வண்டி பின்னால் சறுக்கி, வெட்டிப் போட்ட நாடாவை இன்னொரு முறை அறுத்துக்கொண்டு நின்றது.

மாமா இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். விரல் நீண்டது.

“எஞ்சினைப் பூட்டினது இவன். நம்ம வீட்டுப் பையனாச்சேன்னு நம்பிட்டேன்.”

தலைவர் ஸ்பேனரைப் பார்த்தார். “நீங்க பூட்டினதா?”

அடிப்பக்கத்தைக் கழற்றினால் போதும். ஐந்து மூடியும் பளபளவென்று சாட்சி சொல்லும். ஸ்பேனர் வாயைத் திறந்தான். அதற்குள் அக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“நீ உன் வீட்டுக்குப் போயிடுவ தம்பி,” என்றாள் அடிக்குரலில். “நான் அவரோட போகணும்.”

அவள் கட்டைவிரல் அவன் கையில் பதிந்திருந்தது. வலிக்கிற அளவுக்கு.

“ஆமா சார்,” என்றான் ஸ்பேனர். “நான்தான்.”

தலைவர் நல்ல மனிதர். ஒன்றும் திட்டவில்லை. பன்னிரண்டு வண்டியைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். “அவருக்குக் கோபம் போயிடுச்சுடா. உன்னை மன்னிச்சுட்டாராம். எஞ்சினை மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்துட்டார், வந்து பிரிச்சு மட்டும் குடுத்துட்டுப் போ. கூடத்துல கால் வைக்க இடமில்ல.”

போனான். பிரித்தான். வெந்து நீலம் பாய்ந்த ஐந்து மூடிகளையும் மாமா தன் கையாலேயே வாங்கித் துடைத்து, அதே வெல்வெட்டில் அடுக்கினார். சீட்டுகள் முன்கூட்டியே தயாராக இருந்தன. பொருள் எண், நிலை: பழுது, காரணம்: ஸ்பேனர். ஐந்திலும் அதே பெயர்.

“படிச்சுப் பாரு மாப்ளே. எழுத்துப்பிழை ஏதும் இருக்கா?”

ஸ்பேனர் ஐந்தையும் படித்தான்.

“இல்ல மாமா. சரியாத்தான் இருக்கு.”

அக்கா தேநீர் கொண்டுவந்தாள். வைக்க மேசை இல்லாததால் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.