மேட்டூர் திறந்தால் வளரும் மலை

திருவாரூருக்குக் கிழக்கே, வேளாங்கண்ணி சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மலை வளரும். சந்தானகிருஷ்ணன் வயலுக்கும் மருதையன் வயலுக்கும் நடுவிலுள்ள வரப்புதான் அப்படி ஆகிறது. ஜூன் பன்னிரண்டில் மேட்டூரைத் திறந்து, அந்தத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்த அன்றே முந்நூறு அடி எழும்பும். கார்த்திகையில் உச்சியில் மேகம் தங்கும். ஜனவரி இருபத்தெட்டில் அணையை மூடியதும் இறங்கத் தொடங்கி, ஒரு வாரத்தில் பழையபடி முழங்கால் உயர வரப்பாகிவிடும். முதல் வருஷம் வந்து பார்த்த கிராம நிர்வாக அலுவலர், அடங்கல் பதிவேட்டில் பயிர் என்ற இடத்தில் மலை என்றும், விளைச்சல் என்ற இடத்தில் சுமார் என்றும் எழுதிக்கொண்டு போனார். பெங்களூரில் இருக்கும் சந்தானகிருஷ்ணன் பாதி மலை தன்னுடையது என்று போனில் சொன்னதோடு சரி. நிழல் விழுந்த வயல்களில் நெல் இரண்டு நாள் பிந்திப் பழுத்தது. வேறு சேதமில்லை.

மேட்டையே கண்டிராத ஜனங்கள் நாங்கள். ரயில்வே மேம்பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே மலையேறும் பாதையின் அடியில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்து, அதை எழுதும் பொறுப்பை மதகு திறந்து மூடும் லஸ்கர் ரெமிஜியஸிடம் கொடுத்தோம். அவர் மாதா கோயில் மணிக்கூண்டில் பாதி ஏறி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கியவர். மலையில் ஓரடியும் வைத்ததில்லை. இருந்தும் எழுதினார்: ஆடியில் காற்று அதிகம், வேட்டியை இறுக்கிக் கட்டவும், ஐப்பசியில் சேறு வழுக்கும், ஏற வேண்டாம், மார்கழிப் பனியில் முன்னால் போகிறவரோடு பேசிக்கொண்டே போகவும். எல்லாம் கீழே நின்று எழுதியதுதான்.

எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர எப்போதும் இருபது நாள் ஆகும். போன வருஷமும் அதை நம்பி, ஜூலை இரண்டு வரை வரப்பில் உட்காரலாம் என்று ரெமிஜியஸ் பலகையில் எழுதிவைத்தார். ஆனால் அந்தக் கோடையில் ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர்வாரியிருந்தது. நாங்கள் செய்த வேலை ஆயிற்றே, உருப்படியாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து பழையசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெமிஜியஸின் மனைவி இருதயம்மாள், தூக்குச்சட்டியோடு உச்சிக்குப் போய்விட்டாள். முழங்கால் தேய்ந்தவள், சரிவில் இறங்க முடியாது.

கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கிவர நான்கு பேர் முன்வந்தார்கள். முன்பக்கம் யார் பிடிப்பது என்ற பேச்சிலேயே மூன்று நாள் போயிற்று. பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் தினமும் ஏறிச் சோறு கொடுத்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் ரெமிஜியஸ் மதகை மூடப் போனார். தண்ணீர் நின்றால் மலை இறங்கும், மனைவி வீட்டுக்கு வருவாள். அப்போதுதான் ஊரார் நாற்றங்காலில் விதை விட்டிருந்தார்கள். அவர் கை வைக்கும்போது போன் அடித்தது. மேலே சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

“என்னங்க, மதகுல கைய வெக்காதீங்க. இங்கேருந்து எல்லாம் தெரியுது.”

“ஒரு வாரந்தான் இருதயம். நீ எறங்கிடுவ.”

“நாத்து கருகிடும். ஊர் வயித்தெரிச்சல் எனக்கு வேணாம். ஒங்க போர்ட நம்பித்தான உக்காந்தேன், நீங்க வாங்க.”

அரை மணி நேரப் பாதையை ரெமிஜியஸ் நாலு காலில் தவழ்ந்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஐந்து மணி நேரத்தில் ஏறினார். அவளைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் அழுதார். “தப்பு என்னுதுதான்” என்றார். அவள் கஞ்சி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கீழே பார்த்தபோதுதான் தனக்கும் இறங்கத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. முப்பது வருஷம் மதகு திறந்தவர், தண்ணீர் எந்த வயலில் போய் முடிகிறது என்பதை அன்றைக்குத்தான் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தார். மருதையன் மதகைப் பார்த்துக்கொண்டார். பலகைக்கான வாசகத்தை ரெமிஜியஸ் மேலிருந்து போனில் சொன்னார்.

கட்டில்காரர்கள் ஒருவழியாக ஒத்துப்போய் மேலே வந்து சேர்ந்தபோது கார்த்திகை. “வேணாந் தம்பிங்களா, தையில தானா எறங்கிடும்” என்று அனுப்பிவிட்டாள் இருதயம்மாள். அப்படியே இறங்கியது.

இந்த ஜூன் பதின்மூன்றாம் தேதியே இருவரும் அரிசி மூட்டையும் அடுப்புமாக வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் வர இன்னும் நாள் இருக்கிறதே என்று மருதையன் கேட்டார். “எடம் போயிடும்” என்றார் ரெமிஜியஸ். அவர்களுக்குப் பின்னால் வரப்பு நெடுக ஊரார் துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.