தட்டுக்கு அடியில் பதினோரு பக்கம்

ஆர்டிஸ் டோலெஃப்சன் வீட்டுச் சமையலறை மேசையில் அந்த ஒப்பந்தம் இருந்தது. மொத்தம் பதினோரு பக்கம். அதன் மேல் எலுமிச்சை கேக் துண்டுகள் அடுக்கிய தட்டு. அந்தத் தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜாதி நாய்க்குட்டி வாங்கப் போகிற யாரிடமும் இப்போது நான் சொல்வது இது ஒன்றைத்தான். தட்டை நகர்த்துங்கள்.

எங்கள் மினசோட்டாப் பக்கம் காபியை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை அரை கப் வாங்கிக்கொள்வோம். அப்படி உபசரித்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கொடுத்த தாளை வரி வரியாகப் படிப்பதும், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான்.

"படிச்சுப் பாத்துக்குங்க ஜோலீன். ஒண்ணும் அவசரமில்ல," என்றார் ஆர்டிஸ். நாய் வளர்த்துக் குட்டி விற்கிற பெண்மணி. அறுபது வயதிருக்கும். ஸ்வெட்டர் முழுக்கக் கறுப்பு நாய் முடி.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க."

"முக்கியமானத மட்டும் வாயால சொல்லிடுறேன். இவ உங்க நாய்தான். ஆனா பதிவுல உங்க பேரோட என் பேரும் இருக்கும். மூணு வயசுக்குள்ள ஒரே ஒரு ஈத்து. ஆண் நாயை நான் பாத்துக்குவேன். குட்டி இங்கதான் போடணும். அதுல ரெண்டு எனக்கு. அதுக்கப்புறம் என் பேரை எடுத்துட்டு முழுசா உங்களுக்கே எழுதிக் குடுத்துடுவேன்."

"அதான் விலை பாதியா?" என்றார் என் கணவர் வெர்லின். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எட்டு வாரக் குட்டி அவர் பூட்ஸ் கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அதான். இவ அம்மா ஃப்ரேயாவுக்கு இனிமே குட்டி கிடையாது. அவளுக்குப் பொறந்த பொட்டை இவ ஒருத்திதான். இருபத்தெட்டு வருஷமா நான் கட்டிக் காப்பாத்துற வம்சம் இது."

"உங்க வம்சம் என் கயித்தைத் தின்னு முடிச்சிடுச்சுங்க," என்றார் வெர்லின்.

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தார். தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. எங்கள் பக்கம் கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டோம். நான் அதில் பாதியை வெட்டி எடுத்தேன். வெர்லின் மீதியில் பாதி எடுத்தார். தட்டுக்கு அடியிலிருந்து கடைசிப் பக்கத்தை மட்டும் உருவி ஆர்டிஸ் நீட்ட, நான் கையெழுத்துப் போட்டேன்.

குட்டிக்கு டில்டா என்று பெயர் வைத்தோம். நியூஃபவுண்ட்லாந்து ஜாதி. இரண்டு வயதில் ஐம்பத்தைந்து கிலோ. கதவைத் திறந்து வைத்தால் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த அக்டோபரில் வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு பாதிதான் திரும்பியது. நடை பழக்க வந்த பெண் கொடுத்த நாலு கால் ஊன்றுகோலை அவர் சுவரோரமாகத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரம் அப்படியே போனது. ஒரு நாள் காலை டில்டா அவர் இடது பக்கத்தில் வந்து நின்றாள். கயிறு கட்டுவதற்காக அவள் மார்பைச் சுற்றி மாட்டியிருந்த மார்ப்பட்டையைப் பிடித்து எழுந்தார். சாலையோரத்தில் எங்கள் தபால் பெட்டி இருக்கிறது. அதுவரை போனார். திரும்பியும் வந்தார். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு, பனிக்கட்டி உறைந்த நாளிலும் போனார்கள். அவர் நின்றால் அவளும் நிற்பாள். அவர் தடுமாறினால் உடம்பைச் சாய்த்து முட்டுக் கொடுப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

மார்ச்சில் ஆர்டிஸ் போன் செய்தார்.

"வெர்லின் எப்படி இருக்கார்?"

"மோசமில்லைங்க."

"டில்டா?"

"அவளும் மோசமில்ல."

"அடுத்து பருவத்துக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அயோவால நல்ல ஆண் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இணை சேத்ததுலேருந்து குட்டிங்க தாயை விட்டுப் பிரியுற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நாலு மாசம் ஆகும்."

"சரிங்க," என்றேன்.

போனை வைத்ததும் வெர்லின் என்னைப் பார்த்தார். "சொல்ல... வேண்டியதுதானே?"

"என்னத்த?"

அவர் தன் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார்.

"நம்ம கஷ்டம் அவங்களுக்கு எதுக்கு," என்றேன்.

நாலு மாதம் உட்கார்ந்தால் அவர் மறுபடி எழுந்திருக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கர்ப்பப்பையே இல்லாத நாயை யார் கேட்கப் போகிறார்கள்? ஆர்டிஸ் வருத்தப்படுவார், பிறகு விட்டுவிடுவார். ஏப்ரலில் டில்டாவைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். பதிவில் வேறு யார் பெயராவது உண்டா என்று கேட்டார். "எங்க நாய்தான்," என்றேன்.

மே மாதம் ஆர்டிஸ் மறுபடி கூப்பிட்டபோது ஆபரேஷன் முடிந்துவிட்டதைச் சொல்லிவிட்டேன்.

"ஏழாம் பக்கம் படிச்சீங்களா ஜோலீன்?"

"இல்லைங்க."

"சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். உங்களுக்குச் சௌகரியப்படுமா?"

"படும்ங்க," என்றேன்.

அன்று இரவு முதல் தடவையாக ஏழாம் பக்கத்தைப் படித்தேன். இன்னொரு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கருத்தடை செய்தால் நாய் முழுவதும் வளர்த்து விற்ற பிரீடருக்கே, அதாவது ஆர்டிஸுக்கே, திரும்பும் என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. டவுனில் ஒரு வக்கீலிடம் காட்டினேன். "கையெழுத்து உங்களோடதுதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான் கேக் செய்து வைத்தேன். ஆர்டிஸும் ஒரு கேக் கொண்டுவந்திருந்தார். அவர் வேனை விட்டு இறங்கிய நேரம், வெர்லின் தபால் பெட்டியிலிருந்து டில்டாவைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். ஆர்டிஸ் வேன் கதவைச் சாத்தாமலே நின்றார்.

"இது எப்பலேருந்து?"

"அக்டோபர்."

"மார்ச்ல கேட்டேனே. மோசமில்லன்னீங்களே."

"ஆமாங்க."

உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்து தன் பிரதியைத் திறந்தார். ஒன்பதாம் பக்கம். விரலை வைத்து வாசித்தார். வீட்டில் யாருக்காவது கடுமையான நோய் வந்தால், எழுதிக் கேட்டுக்கொண்டால், ஈத்தைத் தள்ளிவைக்கலாம் அல்லது அடியோடு விட்டுவிடலாம்.

"என் வீட்டுக்காரர் படுத்த வருஷம் நான்தான் இத சேத்தேன். ஒரு வரி எழுதியிருந்தா போதும் ஜோலீன். ஒரே ஒரு வரி."

நான் மேசையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

"ஃப்ரேயா போன மாசம் போய்ச் சேந்துட்டா," என்றார். "இவளோட முடிஞ்சுது. நீங்க முடிச்சு வெச்சிட்டீங்க." குரல் உயரவே இல்லை. டில்டா அவர் முழங்கால் மேல் தலையை வைத்தாள். அவர் அவள் காதைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். எனக்கு இப்போது அது புரிகிறது. டில்டா இங்கேயே இருக்கட்டும் என்று நான் கேட்பதற்காகத்தான் காத்திருந்தார்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க," என்றேன்.

"ஜோலீன்," என்றார் வெர்லின். வாய் கோணியது. "கே... கேளு."

நான் காபிப் பாத்திரத்தை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

ஆர்டிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்," என்றார். ஒரே தடவைதான் சொன்னார். எழுந்துவிட்டார்.

மார்ப்பட்டையை வெர்லின்தான் இடது கையால் கழற்றினார். மூன்று கொக்கி. வெகுநேரம் பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். டில்டா வேனில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். முன்பக்கத்தை ஆர்டிஸ் தூக்க, பின்பக்கத்தை நான்தான் தூக்கி ஏற்றினேன். வழியில் சாப்பிடக் கேக்கும் கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆர்டிஸிடமிருந்து அட்டை வந்தது. நான்தான் போய் எடுத்து வந்தேன். "டில்டா நன்றாக இருக்கிறாள். துலூத் நகரத்தில் ஒரு நல்ல குடும்பத்திடம் கொடுத்திருக்கிறேன். கேக்குக்கு நன்றி. வெர்லின் எப்படி இருக்கிறார்?"

வெர்லின் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து இருந்தார். மார்ப்பட்டை அவர் மடியில் கிடந்தது.

"பதில்... போடுவியா?"

"போடணும்ல."

"என்ன... எழுதுவ?"

நான் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். அட்டைக்கு நன்றி என்று எழுதினேன். வெர்லின் மோசமில்லை என்று எழுதினேன். ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் தனியாக நடந்துபோய் உள்ளே வைத்து, எடுத்துப் போகக் கடிதம் இருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரிய, பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வந்தேன்.