வாசல் எந்தப் பக்கம்

நைஜல் அன்று காலையும் தோட்டத்தில் அளவுக்கு அடித்த மரமுளைகளைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவன் மனைவி லொரெய்ன் விட்டுவிட்டாள்.

இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் பின்தோட்டத்தில் மரத்தால் ஒரு பட்டறை கட்டுவேன் என்று கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிவந்தான். மரச்சுவர்கள் வந்து கராஜில் அடுக்கிக் கிடந்தன. நாளை கான்கிரீட் லாரி வரும். அடித்தளத்தோடு வாசலுக்கு ஏறும் சரிவையும் சேர்த்தே ஊற்றவேண்டும். வாசல் எந்தப் பக்கம் என்பதுதான் முடிவாகவில்லை.

முதலில் வீட்டைப் பார்த்து வைத்தான். பிறகு தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் சந்துப் பக்கம். பலகை இறக்க அதுதான் வசதி என்றான். மறுநாள், தோட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் சரிந்து வருகிறது, மழைத்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும் என்று பக்கவாட்டுக்கு மாற்றினான். பாதித் தேநீரில் எழுந்து ஓடுவான். சாப்பாட்டு மேசைவிரிப்பில் முள்கரண்டியால் சதுரம் கீறுவான்.

லொரெய்னுக்குப் பொறுமை போயிற்று. சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து, நூல் கட்டிய சதுரத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லு. வாசல் வீட்டுப் பக்கம் இருந்தா என்ன கேடு?”

“நீ ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருப்ப.”

“ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாரு! நீ என்ன சினிமா நடிகனா?”

அவன் சிரிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தான்.

“உள்ள போயி என்ன செய்யப் போறேன்னே தெரியல, லொரெய்ன். இத்தன வருஷமா பட்டறை பட்டறைன்னேன். என்ன செய்யணும்னு ஒருநாளும் யோசிக்கல. சும்மா குந்தியிருப்பேன். அத நீ பாப்ப.”

லொரெய்ன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் இவன் வாசலைத் திருப்பித் திருப்பி வைக்கிறான் என்று அவள் அந்த வாரம் முழுக்க உள்ளுக்குள் புழுங்கியிருந்தாள்.

“அட லூசு,” என்றாள். “என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்!”

“உன்னையா?”

“சும்மா உக்காந்தா உக்காரு. உக்காந்துதான இத்தன வருஷம் வண்டி ஓட்டுன?”

வாசல் வீட்டுப் பக்கமே என்று ஆனது. முழுப் பலகை நுழைகிற அகலத்தில் இரட்டைக் கதவு. அவள் நூலைப் பிடிக்க, அவன் முளைகளை அடித்து முடித்தான். மறுநாள் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போனது.

மதியம் தூறல் விழுந்தது. ஈரக் கான்கிரீட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றான் நைஜல்.

“கதவு உள்பக்கம் தொறக்கணுமா, வெளிப்பக்கமா?”

“வெளிப்பக்கம். உள்ள தொறந்தா பாதி இடம் போயிடும்.”

“காத்துல படார் படார்னு அடிக்குமே?”

லொரெய்ன் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அவனோடு வெளியே போனாள்.