படுக்கைச் சூடு

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான குழாய் ரிப்பேர் மாமா, என் தங்கை, அவள் காதலிக்கிற பையன், நான். நாற்காலிகள் நான்குதான். நானும் அந்தப் பையனும் நின்றோம். மாமா வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் ஸ்பேனரை மடியில் வைத்திருந்தார். மிரட்டுவதற்காக இல்லை. கீழே வைத்தால் அம்மா துடைத்த தரையில் கறை படும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்.

நான் உறைந்த மீனும் கறியும் அடுக்கிவைக்கும் குளிர்க் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு. இன்னொன்றில் ஒரே கட்டில்; ராத்திரி தங்கைக்கு, பகலில் எனக்கு. நான் ஏழு மணிக்கு வரும்போது அவள் அப்போதுதான் எழுந்திருப்பாள். அவள் விட்டுப்போன சூட்டுக்குள் கைகால்களைச் செருகிக்கொள்வேன். எட்டரைக்கு அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார்கள். நான் எழுந்து வந்து அவள் பின்னால் கதவைப் பூட்டிவிட்டு மறுபடி படுப்பேன். ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.

அன்று படுக்கை ஜில்லென்றிருந்தது. போர்வை கலைந்திருந்தது, தலையணையில் குழிகூட இருந்தது, சூடு மட்டும் இல்லை. எட்டு மணி நேரம் ஐஸில் நின்றுவிட்டு வந்தவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும். நேராகப் போய், டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னாலேயே அவளைக் கேட்டேன்.

"என்னடி, படுக்கை ஜில்லுனு கிடக்கு? ராத்திரி படுக்கவே இல்லையா?"

யோசித்துக் கேட்டதில்லை. எனக்குக் குளிர், அவ்வளவுதான். அப்பா கப்பைக் கீழே வைத்தார்.

அவள் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. எல்லோரும் தூங்கியபிறகு போய், விடியும்வரை ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குத் துணையிருந்ததாகவும், அவர் இன்னும் ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றும் சொன்னாள். யார் என்று அம்மா கேட்டாள். கண்டக்டர் என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான். அப்பா பஸ் டிரைவராக இருந்தபோது அதே வண்டியில் கண்டக்டராக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அப்பாவின் பஸ் சைக்கிளில் போன ஒருவர்மேல் ஏறிவிட்டது. சைக்கிள்காரர் அங்கேயே இறந்துபோனார். டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று விசாரணையில் கண்டக்டர் சொன்னார். அவர் சொல்வது பச்சைப் பொய் என்று அப்பா சொன்னார். லைசென்ஸ் போனது. அப்பா இன்றைக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அப்போது பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனேன்.

கண்டக்டரின் மகன்தான் தங்கை வேலை பார்க்கும் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். இரண்டு வருடப் பழக்கமாம்.

அப்பா வேலைக்குப் போகவில்லை. மாமாவையும் அந்தப் பையனையும் வரச்சொன்னார். ஒரு மணி நேரம் யார் யாரோ பேசினார்கள். பையன் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான். அம்மா, ஊர் சிரிக்கும் என்றாள். ஊருக்கு அவ்வளவு பல் கிடையாது என்றார் மாமா. கடைசியில் அப்பா வாயைத் திறந்தார்.

"உங்கப்பா எழுதித் தரட்டும். விசாரணையில பொய் சொன்னேன்னு. ஒரே ஒரு வரி. அப்புறம் கல்யாணத்தை நானே முன்னால நின்னு நடத்துறேன். இல்லேன்னா இவ எனக்குப் பொண்ணில்ல."

பையன் தரையைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"அவருக்குக் கை நடுங்குதுங்க. நான் எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வர்றேன்."

மாமா ஸ்பேனரைத் தட்டினார். "அவ்வளவுதான். அடைப்பு எடுபட்டுச்சு. அக்கா, டீ போடு."

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சாகப்போகிற மனிதர், ஒரு வரி. அதற்குப் பிறகு எல்லோரும் படுக்கலாம்.

"நீ எதையும் எழுத வேணாம்," என்றாள் தங்கை. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நானும் பஸ்ல இருந்தேன்லப்பா."

எனக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அது புதிது. அப்பாவுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஸ்கூல் விட்டு உங்க சீட்டுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு தடவை உங்க தலை சாஞ்சு நிமிர்ந்துச்சு. மூணாவது தடவை சாஞ்சப்போ கூப்பிடலாம்னு நினைச்சேன். பஸ்ல அப்பான்னு கூப்பிட்டா திட்டுவீங்க. அதனால கூப்பிடல."

அம்மா டீ போட எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"அந்தக் கூட்டத்துல கண்டக்டர்தான் என்னைக் கையப் பிடிச்சு இறக்கி, அடுத்த பஸ்ல ஏத்திவிட்டார். நீ இதுல வரவே இல்லம்மான்னு சொன்னார். விசாரணையிலயும் என்னைப் பத்தி மூச்சு விடல. பதினோரு வயசுப் பிள்ளையக் கூப்பிட்டு அப்பாவப் பத்திக் கேப்பாங்கன்னு. அவரப் பொய் சொன்னவர்னு எழுதவெச்சு எனக்குக் கல்யாணம் வேணாம்."

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அம்மாவிடம், "இவ துணியை எடுத்து வை," என்றார். ஏதோ மிச்சமிருந்த வேலையைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நின்றபடியே தூங்கி, கை பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்த ராத்திரிகள் எனக்குண்டு. அது பாவமில்லை, உடம்பு. ஒன்பது வருடமாகப் பொய் என்று சொல்லிச் சொல்லி அதைப் பாவமாக்கிவைத்தவர் அப்பாதான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

பையன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் பிடிக்கக் கொடுக்கவில்லை. "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க அவர் தனியா இருக்கார். மத்ததை அப்புறம் பேசலாம்," என்றாள். முன்பு கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று அவன் சொன்னபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்திருந்தேன். அவனும் பார்த்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான். மாமாவும் பின்னாலேயே நழுவினார்.

அம்மா பையைக் கொண்டுவந்து வைத்தாள். துண்டு இரண்டு வைத்திருப்பதாகவும், சீப்பு பக்கவாட்டுப் பையில் இருப்பதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உள்ளே போய்விட்டாள்.

தங்கை வாசலில் செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

"நான்தான்டி வாயக் குடுத்துட்டேன்," என்றேன்.

"விடுண்ணா. உனக்குக் குளிருச்சு, கேட்ட," என்றாள். "போய்ப் படு. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அப்பா, கதவைச் சாத்து என்றார். தினமும் அவள் கிளம்பிய பிறகு செய்கிறதுதான். சாத்தினேன். சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினேன்.