அம்மாவுக்குத் தெரியாமல்

"விடுடி, கைய விடு!" என்று பெரியம்மா அலறியபோதுதான் அவர் கூடத்திலிருந்து உள்ளே ஓடினார். கூடத்தில் மனைவியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். படுக்கையறையில் அவருடைய பதினைந்து வயது மகள் பெரியம்மாவின் முன்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தாடையைப் பிடித்துத்தான் விலக்க வேண்டியிருந்தது. பல் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"துவைக்கப் போடலாம்னு தங்கச்சி படுத்திருந்த விரிப்பை எடுத்தேன் தம்பி. வேற ஒண்ணும் செய்யல."

"யாரு எடுக்கச் சொன்னது? அதுல அம்மா வாசனை இருக்குல்ல?" மகளின் குரல் கீச்சிட்டது.

அதற்குள் அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பெத்தவ அங்க கெடக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. ஆத்திரம் மட்டும் வருது பாரு," என்றாள் ஒருத்தி.

மகளுக்கு ஓங்கி ஒன்று வைக்க அவர் கை எழுந்தது, பாதியில் நின்றது. போன மாதமும் இப்படித்தான். கூடப் படிக்கிறவளின் மூக்கை உடைத்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். லிப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் கிரீஸ் கையோடு போய் நின்றார். "கோபம் வந்தா இவளுக்குக் கண்ணு மண்ணு தெரியல. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று டீச்சர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார். வரும் வழியில் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவ முன்னாடி அழாத. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

அவளும் அப்படியே இருந்தாள். வலியில் முனகும் அம்மாவிடம் வகுப்புக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பாள். பிறகு வெளியே வந்து குளியலறைக் கதவை உதைப்பாள். தாழ்ப்பாள் பிய்ந்துவிடும். அவர் வேறு வாங்கி மாட்டுவார். ஏன் என்று கேட்டதில்லை.

"புள்ளைய விடுங்க. வாங்க, அந்தப் பக்கம் போவோம்." பெரியம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டு எல்லோரையும் நகர்த்திக்கொண்டு போனாள்.

மகள் விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழணும்னா அழுதுரும்மா."

"வர மாட்டேங்குதுப்பா."

கீழே வண்டி வந்துவிட்டதாகக் குரல் கொடுத்தார்கள். இழுபறியில் அவள் தலையிலிருந்து கழன்ற கிளிப் காலடியில் கிடந்தது. அதை எடுத்து, அவள் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி மாட்டப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் மாட்டினார். அவள் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.