வலது காலால் தாண்டியவள்

தனப்பிரியாவின் இடது கணுக்கால் உடைந்தபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. அதற்கு முன்பு ஆறு வருடங்களாகத் தமிழ்நாட்டில் பெண்கள் நீளம் தாண்டுதல் என்றால் அவள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இரண்டு முறை இந்திய அணிக்காக வெளிநாடு போய்வந்திருந்தாள். அவள் தாண்டிய அதிகபட்ச தூரம் ஆறு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஒரு தேசியப் போட்டியில், மழையில் நனைந்திருந்த எகிறும் பலகையில் கால் வழுக்கித் திரும்பியது. சத்தம் அவளுக்கே கேட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது மாதம், சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லா சேர்ந்திருக்கும்மா. நடக்கலாம், ஓடலாம். ஆனா இந்தக் காலை ஊன்றி எகிறாதே. இன்னொரு தடவை போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மல்லசமுத்திரத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பியதும் ஆணிக் காலணிகளைப் பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் எறிந்தாள். அப்பா சின்னுசாமி போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தார். அம்மா வசந்தாமணி பரணை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை இருந்தது. அது போதும் என்று தனப்பிரியா எல்லோரிடமும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியவள் கோகிலவாணி.

கோகிலவாணி ராசிபுரத்துக்காரி. வீட்டில் எல்லோருக்கும் பட்டுத்தறி. இவள் மட்டும் மணல் குழியே கதியென்று கிடந்தவள். மாநிலப் போட்டிகளில் எட்டு முறை தனப்பிரியாவுக்கு அடுத்த இடத்தில் வந்திருக்கிறாள். பிறகு விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியை ஆகிவிட்டாள். மைதானத்துக்கு வெளியே இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"வா சாமி, உக்காரு. காப்பி வைக்கறேன்" என்று வசந்தாமணி உள்ளே போனார்.

கோகிலவாணி உட்காரவில்லை. "எப்பப் புள்ள மறுபடி ஆரம்பிக்கிற?" என்றாள்.

"டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாதா? இடது கால்ல எகிறக் கூடாது."

"இடது கால்லதான கூடாது. வலது கால் நல்லாத்தான இருக்குது?"

தனப்பிரியாவுக்குக் கோபம் வந்தது. "வெளையாடறியா? பதினோரு வருசமா இடது காலு. இப்பப் போயி மாத்தறதுன்னா, வலது கையில எழுதறவள இடது கையில பரீட்சை எழுதச் சொல்ற மாதிரி."

"நீ வலது கால்ல எகிறி நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"சேலத்துல. மாநிலப் போட்டி முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனோம், மழை பேஞ்சு ரோடெல்லாம் தண்ணி. நீ எனக்கு முன்னால போற. வழியில நாலு சாக்கடை. நாலையும் வலது காலை ஊணித்தான் தாண்டுன. குழியில பலகையில மட்டுந்தான் இடது காலு. யாரோ சின்ன வயசுல அப்படிப் பழக்கிவிட்டுட்டாங்க."

"அதையெல்லாம் எதுக்குப் பாத்த?"

"உன்னை ஜெயிக்கோணும்னு எட்டு வருசம் உன்ற காலைத்தான பாத்துட்டிருந்தேன்." கோகிலவாணி அவளுடைய வலது காலைக் காட்டினாள். "நீ இப்படிச் சும்மா உக்காந்துட்டீன்னா, நான் யாருகிட்டத் தோத்தேன்னு சொல்றது?"

காப்பி வருவதற்குள் தனப்பிரியா நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணில் இருந்த பையை இறக்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டி வந்தது. ஊர்ப் பள்ளி மைதானத்து மணல் குழியை இருவரும் கொத்திவிட்டார்கள். முதல் நாள் ஓடி வந்த தனப்பிரியாவுக்குப் பலகை வந்ததும் எந்தக் காலை வைப்பது என்றே தெரியவில்லை. நின்றுவிட்டாள். இரண்டாவது முறை ஒருபக்கமாகச் சாய்ந்து குழிக்கு வெளியே விழுந்தாள். இந்தியாவுக்காகத் தாண்டியவள் ஒரு மாதம் கழித்துத் தாண்டிய தூரம் நான்கு மீட்டர் எழுபது. அதே குழியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அதற்கு மேல் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது மாதம் ஒரு விடியற்காலை அது நடந்தது. பனி இறங்கியிருந்தது. தனப்பிரியா எதையும் யோசிக்காமல் ஓடினாள். வலது பாதம் பலகையை அறைந்தது. அந்த ஒரு நொடியில் தரை அவளைத் தள்ளிவிட்டது போல இருந்தது. காற்றில் கால்களை உதைக்கக்கூட நேரம் இருந்தது. மணலில் விழுந்ததும் எழவில்லை. உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

கோகிலவாணி டேப்பை இழுத்து இரண்டு தரம் அளந்தாள். ஐந்து மீட்டர் தொண்ணூற்றாறு.

"இன்னொருக்கா" என்றாள் தனப்பிரியா.

அடுத்த வருடம் ஆறே கால் மீட்டரைத் தாண்டினாள். அதற்கடுத்த வருடம் தேசியப் போட்டியில் ஆறு மீட்டர் நாற்பத்தெட்டு. இடது காலில் ஒருபோதும் எட்டாத தூரம் அது. பாங்காக்கில் நடக்கவிருந்த ஆசியப் போட்டிக்கான பட்டியலில் அவள் பெயர் வந்தது. கோகிலவாணி பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தாள்.

இறுதிச் சுற்றில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அதில் முதல் எட்டு இடத்துக்குள் வருபவர்களுக்கு இன்னும் மூன்று. தனப்பிரியா முதல் இரண்டிலும் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாள். இரண்டு முறையும் சிவப்புக் கொடி.

வேலியருகே ஓடி வந்தாள். கோகிலவாணி மறுபக்கம் குனிந்து நின்றாள்.

"இங்கத்த தரை உன்னைத் தூக்குது, காலடி நீளமா உழுவுது. ஒன்னரை அடி பின்னால போயி ஆரம்பி. தூரத்தைப் பத்தி நினைக்காத. எட்டுப் பேருக்குள்ள வந்தாப் போதும்."

ஆறு மீட்டர் இருபத்தொன்பது. எட்டாவது இடம். ஒன்பதாவதாக நின்றவளைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் அதிகம். கோகிலவாணி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான்காவது தாண்டலில் ஆறு முப்பத்து மூன்று. ஏழாவது இடத்துக்கு ஏறினாள். ஐந்தாவது மறுபடியும் சிவப்புக் கொடி.

கடைசி வாய்ப்பு. கோகிலவாணி வேலிக்கு அப்பாலிருந்து அரை அடி பின்னால் போகும்படி கையைக் காட்டினாள். தனப்பிரியா தலையை ஆட்டி மறுத்தாள். போன முறை கடைசி நான்கு காலடியில் குனிந்து பலகையைத் தேடியது அவளுக்குத்தான் தெரியும். தவறு தூரத்தில் இல்லை, கண்ணில்.

குழிக்கு அப்பால் வரிசையாகக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. அதில் ஒரு நீலக் கொடியைப் பார்த்தபடி ஓடத் தொடங்கினாள். காது அடைத்துக்கொண்டது. பலகை எப்போது வந்தது என்று தெரியவில்லை. வலது பாதம் மட்டும் அதைக் கண்டுகொண்டது. மேலே, இன்னும் மேலே, பிறகு மணல்.

திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கொடி.

மின்பலகையில் எண் எரிந்தது. 6.57. இரண்டாவது இடம்.

தனப்பிரியா கத்தியது என்னவென்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் போட்டி இன்னும் முடியவில்லை. கடைசிச் சுற்றில் பின்தங்கியவர்கள்தான் முதலில் தாண்டுவார்கள்; தரவரிசையில் அவளுக்கு மேலே இருந்த ஆறு பேரும் இனிமேல்தான் தாண்ட வேண்டும். வேலியின் கம்பி வழியாகக் கோகிலவாணியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் வந்து போனார்கள். ஒன்றும் நேரவில்லை. நான்காவதாக வந்த உஸ்பெகிஸ்தான் பெண் 6.59 தாண்டினாள். தனப்பிரியா மூன்றாவது இடத்துக்கு இறங்கினாள். அடுத்து ஜப்பான்காரி. நீளமான, அழகான தாண்டல். தனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாரு புள்ள, கண்ணைத் தொறந்து பாரு" என்று கோகிலவாணி கையை உலுக்கினாள்.

6.55.

இரண்டு சென்டிமீட்டரில் வெண்கலம். கடைசியாக ஓடிய சீனப் பெண் முன்பே 6.70 தாண்டித் தங்கத்தை எடுத்துவிட்டிருந்தாள். அவளுடைய கடைசித் தாண்டலைப் பார்க்க இவர்களுக்குப் பொறுமை இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

பதக்க மேடையை விட்டு இறங்கும்போது சின்னுசாமி வீடியோவில் வந்தார். முகமெல்லாம் பாறைத் தூள். பின்னால் லாரியும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் ஆட்களும்.

"எத்தனை அடி சாமி?" என்றார்.

"இருபத்தொன்னரை அடிங்கப்பா."

"அடேயப்பா. நாங்க இங்க காத்தால இருந்து எழுநூறு அடி எறக்கியும் தண்ணி வல்லீங்கறேன்." அவர் சிரிக்க முயன்றார். முடியாமல் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அம்மாளுக்குப் பேசு சாமி. ஊட்டுல ஒரே கூட்டமாம்."

அம்மாவிடம் பேசி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கோகிலவாணி அதுவரை ஒரு தூணில் சாய்ந்து போனில் அந்தக் கடைசித் தாண்டலை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் கொண்டிருந்தாள்.

"தனம், இங்க வா. உன்ற கால் எங்க இருக்குதுன்னு பாரு."

தனப்பிரியா குனிந்து பார்த்தாள். ஆணிக் காலணியின் முனைக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவில் வெள்ளை நன்றாகத் தெரிந்தது.

"அஞ்சு சென்டிமீட்டர் விட்டிருக்க. அதைப் புடிச்சிருந்தா இந்நேரம் வெள்ளி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுத்தில் பதக்கம் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நாளைக்குக் காத்தால பிராக்டிஸ் மைதானம் தொறந்திருக்குமா?" என்றாள் தனப்பிரியா.

"ஃப்ளைட் பதினோரு மணிக்கு."

"அப்ப ஆறு மணிக்குப் போலாம்."